பருத்தித்துறை வீதியில் சில குசினிகள்

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதி முப்பது கிலோமீற்றரைச் சற்றே தாண்டும். நல்லூர், கோப்பாய், நீர்வேலி, புத்தூர், வல்லை, நெல்லியடி, மந்திகை என்று ஊர்களைக் கோர்த்துக்கொண்டு போய் அது கடற்கரையில் முடிகின்றது. செம்மண் தோட்டம், உவர் வெளி, பனங்கூடல், மணல், கடல் ஆகிய எல்லாவற்றையும் இவ்வளவு குறுகிய தூரத்துக்குள் காண்பது அரிது. நிலம் மாற மாற, அடுப்பில் இருக்கும் சட்டியும் மாறுகின்றது.

இவ்வீதியைப் பற்றி எழுதுவோர் நல்லூர்க் கோயிலைப் பற்றியும், புத்தூரின் நிலாவரைக் கிணற்றைப் பற்றியும், பருத்தித்துறையின் கடற்காற்றைப் பற்றியும் எழுதுவதுண்டு. வீதியின் இருமருங்கிலும் உள்ள குசினிகளைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. கிராம மட்டத்தில் பெண்கள் குழுக்களோடு வேலை செய்பவள் என்ற வகையில், மாதத்தில் சில நாட்கள் இவ்வழியே பயணிக்கிறேன். கையில் குறைந்த காசை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்துக்கு மூன்று வேளையும் உணவு கொடுக்கும் பெண்களின் குசினிகளே நான் அதிகம் கண்டவை. அங்கு கண்டவற்றையும் கற்றவற்றையும் வாசகிகளோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

விலை ஏறிய பின்னர்

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை எந்தக் குசினியும் மறக்கவில்லை. அவ்வாண்டு செப்டெம்பர் மாதம், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அதாவது, முந்திய ஆண்டில் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுப் பொருட்களுக்கு ஏறத்தாழ 195 ரூபா கொடுக்க வேண்டியிருந்தது. அதன் பின்னர் பணவீக்க வீதம் இறங்கியது உண்மை. ஆனால் வீதம் இறங்குவது என்பது விலை பழைய இடத்துக்குத் திரும்புவது அல்ல. விலை ஏறும் வேகம் குறைவது மட்டுமே. 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தாண்டி விற்றதை நாம் எல்லோரும் கண்டோம். நாட்கூலியை நம்பியிருக்கும் வீடுகளில் கூலி அதே வேகத்தில் ஏறவில்லை.

2023 இல் சமுர்த்தி உதவித்தொகைக்குப் பதிலாக அஸ்வெசும கொடுப்பனவு வந்தது. அது கிடைக்கும் வீடுகளிலும், கிடைக்காத வீடுகளிலும், மாதக் கடைசியில் கணக்கைச் சரிக்கட்டுபவள் பெண்தான். "நல்ல சிக்கனக்காரி" என்று அவளைப் புகழ்கிறோம். அந்தச் சிக்கனத்துக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சற்றுத் திறந்து பார்ப்போம்.

செம்மண்ணும் கனிந்த பழமும்

கோப்பாயைத் தாண்டியதும் செம்மண் தோட்டங்கள் தெரியத் தொடங்கும். நீர்வேலி வாழைக்குப் பெயர்பெற்ற ஊர். கப்பல், கதலி, இதரை என்று குலைகள் இங்கிருந்து சந்தைகளுக்குப் போகின்றன. சந்தைக்குப் போன பழமெல்லாம் விற்றுவிடுவதில்லை. தோல் கறுத்து, சீப்பிலிருந்து உதிர்ந்த பழங்களைப் பின்னேரம் மலிவாகக் கொடுப்பார்கள். அந்தப் பழத்துக்காகக் காத்திருப்பவர்கள் உண்டு. ஏனென்றால் வாய்ப்பனுக்குக் கறுத்த பழமே நல்லது. இனிப்பு அதில்தான் கூட.

இவ்வூரில் ஒரு தாய் செய்யும் கணக்கு இது. நன்றாகக் கனிந்த கப்பல் பழம் மூன்று, கோதுமை மா கால் கிலோ, சீனி நான்கு மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை அப்பச்சோடா, ஒரு சிட்டிகை உப்பு. பழத்தைக் கையால் பிசைந்து, சீனி கரைந்த பின் மாவைச் சேர்த்து, ஒரு மணித்தியாலம் மூடி வைக்க வேண்டும். வழமையாக எண்ணெயில் உருண்டைகளாகப் பொரிப்பார்கள். எண்ணெய் எட்டாத விலைக்குப் போனபோது, அதே கலவையைச் சற்று நீர் விட்டு இளக்கி, தோசைக்கல்லில் கைப்பிடி அளவு ரொட்டிகளாகச் சுட்டார் அவர். கல்லுக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும். பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளுக்குக் கடையில் பணிஸ் வாங்கிக் கொடுப்பதை விட இது மலிவு, வயிறும் நிறையும்.

இன்னொரு மலிவான இனிப்பு இராசவள்ளிக்கிழங்கு. வேலியோரத்தில் ஒரு கொடியைப் படர விட்டால் மண்ணுக்குள் கிழங்கு வைக்கும். தோல் சீவித் துண்டுகளாக வெட்டி, நீரில் நன்றாக அவிய விட்டு மசித்து, சீனியும் ஒரு சிறு கிண்ணம் தேங்காய்ப்பாலும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்தால், ஊதா நிறத்தில் களி தயார். விருந்தாளிக்கும் கொடுக்கலாம், பல்லில்லாத அம்மம்மாவுக்கும் கொடுக்கலாம்.

தேங்காயைப் பற்றியும் இங்கு சொல்ல வேண்டும். ஒரு பாதித் தேங்காயைத் துருவினால் முதற்பால் சொதிக்கு. இரண்டாம் பால் கீரைக்கும் பருப்புக்கும். பிழிந்த பூவை வெறுஞ்சட்டியில் பொன்னிறமாக வறுத்து, செத்தல் மிளகாய், உப்பு, சிறிது புளி சேர்த்து இடித்தால் சம்பல். ஒரு பாதியில் மூன்று கறிக்கு வழி. இதை எந்தப் பாடப்புத்தகமும் இவர்களுக்குக் கற்பிக்கவில்லை.

பனங்கூடலில் ஒரு பானை

வல்லை வெளியைக் கடக்கும்போது பேருந்தின் இரு பக்கமும் வெறும் உவர் நிலமும் நீரும் வானமும்தான். அதைக் கடந்து வடமராட்சிக்குள் நுழைந்ததும் பனை மீண்டும் வந்துவிடும். ஆடி, ஆவணியில் பழம் விழும். பழத்தின் களியில் பனங்காய்ப் பணியாரம் சுடலாம். பாயில் ஊற்றிக் காயவைத்துப் பனாட்டு ஆக்கலாம். கொட்டைகளைப் பாத்தியில் அடுக்கி மண் மூடி விட்டால், மாரி மழையில் முளைத்து, தை மாசியில் கிழங்காகும். பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். அடுப்பெரிக்கப் பன்னாடை, கங்குமட்டை, ஊமல் எல்லாம் அதே மரம் தரும். 2022 இல் எரிவாயு சிலிண்டருக்கு மக்கள் வரிசையில் நின்ற நாட்களில், வளவில் நாலு பனை நின்ற வீடுகளில் அடுப்பு அணையவில்லை.

போர்க்காலத்தில் காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்குமாகப் பெருந்தொகையான பனைகள் தறிக்கப்பட்டன. எஞ்சியவற்றின் கீழ் இருந்துகொண்டுதான் இன்றும் ஒடியற்கூழ் காய்ச்சுகிறார்கள். ஐந்தாறு பேருக்கு அளவு இதோ. ஒடியல் மா 200 கிராம். அதைத் தண்ணீரில் கரைத்து ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஊற விட்டு, மேலே தெளியும் நீரை ஊற்றிவிட வேண்டும். இரண்டு முறை இப்படிச் செய்தால் கசப்புக் குறையும். ஒரு பிடி அரிசி, பத்துப் பலாக்கொட்டை, ஒரு சிறு துண்டு மரவள்ளிக்கிழங்கு ஆகியவற்றை நிறையத் தண்ணீர் விட்டு முதலில் அவிய விட வேண்டும். மரவள்ளி சேரும் பானையை மூடாமல் அவிப்பதே வழக்கம். பிறகு பயற்றங்காய், பிறகு மீன் தலை, சிறு மீன், கிடைத்தால் இறாலோ நண்டோ. எல்லாம் அவிந்த பின் தேசிக்காய் அளவு புளியையும், அரைத்த செத்தல் மிளகாயையும், ஊறிய ஒடியல் மாவையும் ஒன்றாகக் கரைத்து ஊற்றித் துழாவ வேண்டும். இறக்கும்போது இரண்டு கை முருங்கையிலை.

இப்பானையில் எது இல்லை? மாப்பொருள், புரதம், கீரை எல்லாம் ஒரே பாத்திரத்தில். அரை கிலோ மீன் கிடையாது. கால் கிலோவும் தலைகளும் போதும். ஆனால் ஒரு விடயத்தை மறந்துவிடக் கூடாது. "பனை சும்மா தருகிறது" என்று நாம் சொல்வது முழு உண்மை அல்ல. கொட்டை பொறுக்கி, பாத்தி போட்டு, கிழங்கு கிண்டி, பிளந்து, காயவைத்து, இடித்து, அரிக்கும் வேலை எல்லாவற்றையும் செய்வது யார்? காசு கொடுக்காமல் கிடைப்பதாகச் சொல்லப்படும் பல பொருட்களுக்கு ஒரு பெண் தன் நேரத்தை விலையாகக் கொடுத்திருக்கிறாள்.

பருத்தித்துறை வடை

பருத்தித்துறை என்றதும் பலருக்கு நினைவு வருவது தட்டை வடை. உழுத்தம்பருப்பு, மா, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை கலந்து மெல்லியதாகத் தட்டிப் பொரிப்பது. காற்றுப்புகாத தகரத்தில் போட்டு வைத்தால் நாட்கணக்கில் மொறுமொறுப்பாக இருக்கும். வெளிநாட்டுக்குப் பயணப்படுகிறவர்களின் பெட்டியிலும் ஒரு பொதி இருக்கும்.

இந்த வடையை வீட்டில் சுட்டு விற்றுப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் பெண்கள் இப்பகுதியில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரது வீட்டில் அதிகாலையில் உழுந்து ஊறப்போடுவதில் தொடங்கும் வேலை மத்தியானம் வரை நெருப்பு முன்னே நடக்கும். உருக்குலைந்த வடைகள் விற்பனைக்குப் போகாது. அவற்றை நொறுக்கித் தயிரிலோ, வெங்காயமும் தேசிப்புளியும் சேர்த்தோ பிள்ளைகளுக்குச் சோற்றோடு கொடுப்பார். "அக்கா, நீங்கள் எப்ப சாப்பிடுறனீங்கள்?" என்று ஒருநாள் கேட்டேன். "எண்ணெய் மணத்திலை பசி போயிடும் தங்கச்சி. பின்னேரம் ஒரு தேத்தண்ணி குடிப்பன்" என்றார். அவர் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

மணற்காட்டில் இரண்டு நிரல்கள்

பருத்தித்துறைக்குத் தெற்கே கரையோரமாகப் போனால் மணற்காடு. மணற்குன்றுகளும் சவுக்கங்காடும், மணலில் புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் தேவாலயத்தின் இடிபாடும் பார்ப்பவரை நிற்க வைக்கும். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை இக்கரையோரக் கிராமங்களில் பெருந்தொகையான உயிர்களைக் கொண்டுபோனது. அதே கடல்தான் இன்றும் சோறு போடுகின்றது. சூடை, நெத்தலி, காரல் போன்ற சிறு மீன்களைக் கரையில் கூறு கூறாக வைத்து விற்பார்கள். பெரிய மீன் வெளியூருக்குப் போய்விடும். சிறு மீன் ஊருக்கு மிஞ்சும். முள்ளோடு சப்பித் தின்னக்கூடிய சிறு மீனில் சுண்ணாம்புச்சத்து நிறைய உண்டு என்பதால், இது ஏழைக்கு ஒரு நட்டமல்ல.

இப்பகுதியில் ஒரு பெண்கள் குழுக் கூட்டத்தில், வந்திருந்தவர்களிடம் ஆளுக்கொரு தாளைக் கொடுத்தோம். நடுவில் ஒரு கோடு. இடது பக்கம், நேற்று வீட்டில் என்ன சமைத்தீர்கள்? வலது பக்கம், அதில் நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள்? எழுத முடியாதவர்களுக்கு மற்றவர்கள் எழுதிக் கொடுத்தார்கள்.

இடது பக்கங்கள் நிறைந்திருந்தன. சோறு, சூடைக் குழம்பு, முருங்கையிலை வறை, பருப்பு, சொதி. வலது பக்கங்களில் ஓரிரு சொற்களே இருந்தன. அடிச்சட்டிக் குழம்பு. பழஞ்சோறும் வெங்காயமும். காலையில் மிஞ்சிய ரொட்டி ஒன்று. வெறுந்தேத்தண்ணி. ஒரு பெண் தன் தாளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "மீன் அஞ்சு. ஆக்கள் ஆறு பேர். யாருக்கு இல்லையெண்டு சொல்லவும் வேணுமே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிறிது நேரம் எவரும் பேசவில்லை. இரண்டாவது பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர், கிளினிக்கில் தனக்கு இரத்தம் குறைவென்று குளிசை தந்திருப்பதாக மெதுவாகச் சொன்னார்.

குடும்பம் என்பது ஒரே வயிறு அல்ல. ஒரு வீட்டுக்குள் வரும் உணவு எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது என்று எண்ணிவிட முடியாது என்பதைப் பொருளியலாளர் அமார்த்தியா சென் போன்றோர் விரிவாக எழுதியிருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் அதைப் படித்திருக்கிறேன். அதை ஐந்து மீனிலும் ஆறு பேரிலும் சொல்லி முடித்தவர் இந்தப் பெண்தான்.

எண்ண முடியாத கறி

இதற்கு வழி சொன்னவர் கூட்டத்தின் மூலையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒரு அம்மம்மா. "அந்தக் காலத்திலை உதுக்குத்தானே கூழ் காய்ச்சினது. கூழுக்கை எத்தினை மீன் கிடக்குதெண்டு ஆர் எண்ணுறது? பிளாவிலை வாத்தால் எல்லாருக்கும் ஒரே அகப்பைதான். காய்ச்சினவளும் கூட இருந்துதான் குடிப்பாள்" என்றார்.

அவர் சொன்னது வெறும் பழங்கதை அல்ல. துண்டாக எண்ணிப் பரிமாறும் கறிகளில்தான் தாயின் பங்கு முதலில் காணாமற் போகின்றது. மீன் துண்டு, முட்டை, பொரியல் போன்றவை அப்படிப்பட்டவை. எண்ண முடியாத கறிகளில் பங்கு எல்லோருக்கும் போகும். அன்று கூட்டத்தில் இருந்தவர்கள் தாங்களே ஒரு பட்டியல் சொன்னார்கள்.

சூடை மீனை அவித்து, முள் நீக்கி உதிர்த்து, வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள், ஒரு பிடி தேங்காய்ப்பூவோடு வறுத்து எடுக்கும் மீன் வறை. இரண்டு முட்டையை முருங்கையிலையோடு சேர்த்துக் கிளறும் வறை. இரண்டு முட்டை ஆறு பேருக்குப் போதும். நெத்தலியைக் கத்தரிக்காயோடு பிரட்டுதல். பாசிப்பயறும் அரிசியும் சேர்த்து அவித்த பயற்றஞ்சோறு. பயற்றில் உள்ள புரதமும் அரிசியில் உள்ள புரதமும் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். குரக்கன் மாவும் அரிசி மாவும் பாதிக்குப் பாதி கலந்த புட்டு; 100 கிராம் குரக்கனில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு.

இரத்தம் குறைந்த தாய்மாருக்கு இரண்டு சிறு விடயங்களையும் பேசிக்கொண்டோம். கீரைக் கறியில் இறக்கிய பின் தேசிப்புளி விட்டால், அதிலுள்ள இரும்புச்சத்தை உடல் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அது குறையும். ஒரு மணித்தியாலமாவது விட்டுக் குடிப்பது நல்லது. இதற்குச் செலவே இல்லை.

இன்னொரு முடிவும் எடுத்தார்கள். சமைத்து இறக்கியதும், எவருக்கும் பரிமாறுவதற்கு முன்னர், தனது கோப்பையில் தனது பங்கைப் போட்டு மூடி வைப்பது. "மூடின கோப்பை" என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்.

அடுத்த மாதக் கூட்டத்தில் விசாரித்தோம். எல்லாம் சரியாக நடந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். சிலர் தொடர்ந்து செய்திருந்தார்கள். ஒருவரின் மூத்த மகள் இப்போது தானாகவே அம்மாவின் கோப்பையை முதலில் நிரப்பி வைக்கிறாளாம். இன்னொருவர், "மூடி வைச்சனான்தான். பின்னேரம் மோன் பசிக்குதெண்டு வந்தவன், எடுத்துக் குடுத்திட்டன்" என்றார். "என்ரை வீட்டுக்காரர், இதென்ன புதுப்பழக்கம் எண்டு கேட்டவர்" என்றார் வேறொருவர். "என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டபோது, "கிளினிக்கிலை சொன்னவை எண்டு சொன்னன்" என்று கண்ணைச் சிமிட்டினார்.

நாம் செய்யக்கூடியவை

சிக்கனமாகச் சமைப்பது ஓர் அறிவு. பிழிந்த தேங்காய்ப்பூவில் சம்பலும், கறுத்த பழத்தில் இனிப்பும், மீன் தலையில் கூழும் காணத் தெரிவது இலேசான விடயமல்ல. அந்த அறிவை மகளுக்கு மட்டும் சொல்லிக் கொடுக்காமல் மகனுக்கும் சொல்லிக் கொடுப்போம். பாத்தி போடவும், கிழங்கு கிண்டவும், தேங்காய் துருவவும் வீட்டில் உள்ள ஆண்களின் கைகளும் பழகட்டும். பேருந்து ஏறிச் சந்தைக்குப் போய் மலிவாக வாங்கி வந்த பொருளின் விலையோடு, அதற்குச் செலவான நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுவோம்.

ஒரு வீட்டில் சிக்கனம் சரியாக நடக்கிறதா என்று அறிய, மாதக் கடைசியில் மிஞ்சிய காசை மட்டும் பார்த்தால் போதாது. சமைத்தவள் அன்று என்ன சாப்பிட்டாள் என்றும் பார்க்க வேண்டும். அவளுடைய கோப்பையைக் குறைத்துச் சேமித்தது சேமிப்பாகாது. பிறகு மருந்துச் செலவாக அது திரும்பி வரும். ஆகவே, இந்த மாதம் ஒரு நாளாவது ஒரு தாளை எடுத்து, நடுவில் ஒரு கோடு போட்டு, இரண்டு பக்கத்தையும் எழுதிப் பாருங்கள். வலது பக்கம் குறைவாக இருந்தால், நாளைக்கு ஒரு பானை கூழ் காய்ச்சுங்கள். எல்லோரும் ஒன்றாக இருந்து குடியுங்கள்.